நிலா எழும்புவதற்குள் ஜெயங்கொண்டம்

புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு, தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைக்கிறதா என்றுதான். நானும் உங்கள் வயதில் அதைத்தான் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டுக்குப் பிறகு நான் முதலில் தேடியது கிரகணம். சந்திர கிரகணம் என்றைக்கு, எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அந்த நாள் நெருங்கும்போது கர்ப்பிணிகள் பதிவேட்டை எடுத்து, அதற்கு முன்பின்னாக யாருக்குப் பிரசவம் விழுகிறதோ அந்தப் பெயரையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். என் மேற்பார்வையாளர் அம்மாள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நர்ஸ் வேலை பாக்கிறியா, ஜோசியம் பாக்கிறியா?" என்று கேட்டார்.

கிராம சுகாதாரச் செவிலியராகப் புதிதாக வந்திருக்கிற பெண்களே, நீங்களும் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

எண்பத்திரண்டு ஜனவரியில் ஒரு முழுக் கிரகணம் வந்தது. ஆண்டிமடம் பக்கம் ஒரு வீட்டில் தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரமாகியும் குழந்தை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். கிரகணம் விடட்டும் என்றார்கள். வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் விறுவிறுவென்று போய் அதைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டதோடு நிறுத்தினேனா? மறுபடி நிமிர்த்தி வைத்து, "அடி தட்டையா இருந்தா எந்த நாளும் நிக்கும், இதுக்காக ஒரு உசிரை விடப் போறீங்களா?" என்று மேடைப் பேச்சு வேறு பேசினேன். நான் சொன்னது அத்தனையும் சரிதான். அவர்கள் என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். விடிந்து கதவு திறந்தபோது தாய் பிழைத்திருந்தாள், பிள்ளை இல்லை.

அந்தக் கதவு என்னால் சாத்தப்பட்டது. அதை இன்றுவரை நான் வேறு யார் தலையிலும் கட்டியதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், என் பக்கத்து வீட்டில் குடியிருந்த உயர்நிலைப்பள்ளி அறிவியல் டீச்சரைப் பிடித்துக்கொண்டது. மூடநம்பிக்கை என்று கத்தினேனே ஒழிய, கிரகணம் எப்படி வருகிறது என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிக் கொடுத்தாள். "சூரியன் ஒரு பக்கம், நிலா எதிர்ப்பக்கம், பூமி நடுவுல. பூமியோட நெழல் நிலா மேல விழுது. அவ்ளோதான்டி."

"அப்ப மாசா மாசம் பௌர்ணமிக்கு வரணுமே?"

"நிலா போற பாதை லேசா சாஞ்சிருக்கு. பெரும்பாலும் நெழலுக்கு மேலயோ கீழயோ நழுவிப் போயிடும். எப்பவாவதுதான் வசமா மாட்டும்."

"நெழல்னா கறுப்பாத்தானே இருக்கணும்? அது ஏன் செவக்குது?"

அதற்கும் ஏதோ சொன்னாள். காற்று வெளிச்சத்தை வளைக்கிறது, நீலம் சிதறிப் போகிறது, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது என்றெல்லாம். நான் தலையை நன்றாக ஆட்டினேன். தலைக்குள் ஒன்றும் போகவில்லை.

இப்போது எண்பத்தாறு சித்திரைப் பௌர்ணமிக்கு வருகிறேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. அப்போதெல்லாம் நாம் திருச்சி மாவட்டம். அந்த வருஷம் வால்நட்சத்திரம் வேறு வந்து, என்ன கேடு வரப்போகிறதோ என்று ஊரெல்லாம் ஏற்கெனவே பயந்து கிடந்தது. அதற்கு மேல் கிரகணம். காலண்டரில் மாலை நாலரைக்குப் பிடிக்கிறது, ஏழு ஐம்பதுக்கு விடுகிறது என்று போட்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "ஏய், இது விசேஷம்டி! நம்ம ஊர்ல நிலா எழும்பறதே ஆறே காலுக்கு மேலதான். அது எழும்பறதுக்கு முன்னாடியே முழுசா மறைஞ்சிருக்கும். செக்கச்செவேல்னு எழும்பும் பாரு!"

என் பதிவேட்டில் மூன்று சிவப்புச் சுழி இருந்தது. இரண்டு வீட்டுக்குக் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கவலையில்லை. மூன்றாவது செல்வி. வரதராஜன்பேட்டைக்கு இந்தப் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சிற்றூர். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. முந்திரி பொறுக்கப் போன பெண்களெல்லாம் கிரகணத்துக்குப் பயந்து முன்னமே வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். தெருவில் ஆளே இல்லை.

செல்வியின் வாசலில் தாம்பாளம், தண்ணீர், நடுவில் உலக்கை. எனக்குக் கை அரித்தது உண்மை. சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

செல்வி இருட்டு மூலையில் பாயில் கிடந்தாள். "வலியே இல்ல நர்சம்மா. காலையிலேருந்து தண்ணி மாதிரி போவுது," என்றாள். சேலையைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, ரத்தம். நிறைமாதத்தில் வலியில்லாமல் ரத்தம் போனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

செல்வியின் மாமியார் வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துவிட்டார். கொடுமைக்கார மாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். மருமகளுக்குக் காலையிலிருந்து துணியலசிப் போட்டு அவர் கைவிரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ஏழு அம்பதுக்கு வுட்டுடும் நர்சம்மா. வுட்டதும் நானே அழச்சிட்டு வரேன். புள்ளத்தாச்சிய இப்ப வெளிய கொண்டாந்தா புள்ளைக்கு ஒதடு பொளந்துரும். எங்க அண்ணன் மவனுக்கு அப்படித்தான். பால் குடிக்க மாட்டாம மூணு மாசத்துல போயிட்டான். என் மடியிலதான் போனான்."

அதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். எண்பத்திரண்டில் அப்படித்தான் சொன்னேன். இன்னும் மூன்று மணி நேரம் இங்கேயே கிடந்தால் செல்வி இருக்க மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நானும் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன். "சரிம்மா. நெலா பாக்கக் கூடாது, அவ்ளோதானே?"

"ஆமா."

"இப்ப நெலா எங்க இருக்கு?"

"இன்னும் எழும்பலயே."

"எழும்பலன்னா எங்க இருக்கும்?"

அவர் யோசித்தார். "கீழதான். பூமிக்கு அந்தாண்ட."

"அப்ப உங்க மருமவளுக்கும் நெலாவுக்கும் நடுவுல இந்தப் பூமி மொத்தமும் கெடக்குதே. இந்தக் கீத்துக் கூரையவிட அது பெருசா, சிறுசா?"

அவர் காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், சுவர் கெட்டியா என்று பார்ப்பவர்போல. அந்தத் தட்டலைக் கேட்டதும் எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

"எப்ப எழும்பும்?"

"ஆறே காலுக்கு மேல. செவப்பா எழும்பும். அது வெறும் நெழல்தாம்மா."

"அதுக்குள்ள ஜெயங்கொண்டம் போயிடலாமா?"

"போயிடலாம்," என்றேன்.

போக முடியாது என்று தெரிந்தேதான் சொன்னேன். செல்வியின் புருஷன் கலியபெருமாள் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவன். வண்டி வாசலிலேயே நின்றது. ட்ரெய்லரிலிருந்த முந்திரிக்கொட்டை மூட்டைகளை இறக்கி, வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டுச் செல்வியைக் கிடத்தியபோது ஐந்தே முக்கால். அந்த மண்ரோட்டில் ரத்தம் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓட்டலாம். ஆறே காலுக்குப் பாதி வழிகூட வராது. கதவைத் திறக்கவைக்க ஒரு பொய் சொன்னேன். கதவு திறந்தது, ஆனால் பொய் எங்களோடு ட்ரெய்லரில் ஏறிக்கொண்டது.

வண்டி மேற்கே பார்த்துப் போகிறது. கலியபெருமாள் முகத்தில் வெயில். நாங்கள் ட்ரெய்லரில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். செல்வியின் தலை என் மடியில், அவள் மணிக்கட்டு என் கையில். மாமியார் ஒரு போர்வையை அவள் தலைவரைக்கும் இழுத்து மூடினார். மூடட்டும் என்று விட்டுவிட்டேன், மூச்சுக்கு மட்டும் ஓர் இடுக்கு வைத்தேன். போர்வையோடு சண்டை போட நமக்கு நேரமில்லை.

சூரியன் விழுந்தது. மாமியார் கண்ணை எடுக்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை ஆயிற்று. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. முந்திரிக் காட்டுக்கு மேல் வானம் சாம்பல் நீலமாகச் சும்மா கிடந்தது.

"எங்க நர்சம்மா, நெலா?"

"வரும்."

ஆறே முக்காலை நெருங்கியது. வரவில்லை. சித்திரைப் பௌர்ணமி அன்று, துடைத்து வைத்த வானத்தில், நிலாவைக் காணோம்! சிவப்பாக எழும்பும் என்று அவ்வளவு திடமாகச் சொல்லியிருந்தேனே. மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "முழுங்கிருச்சு! மொத்தமா முழுங்கிருச்சுடா கலியா, நிறுத்துடா வண்டிய! திருப்பு வூட்டுக்கு!"

கலியபெருமாள் பிரேக் போட்டான். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. "நர்சம்மா, நீங்க சொல்லுங்க. போவவா, திருப்பவா?"

இந்த இடத்தில் நான் ஏதாவது ஒரு காரணத்தை அவிழ்த்து விட்டிருக்கலாம். மேகம், மூட்டம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த நிமிஷம் அதுவும் பொய்த்தால், அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "எழும்பியிருக்கணும். ஏன் கண்ணுக்குத் தெரியலன்னு எனக்கே தெரியல. ஆறே காலுக்குள்ள போயிடலாம்னு சொன்னேனே, அதுவும் பொய்தான். கூப்புட்டா வர மாட்டீங்களேன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச நெசம் ஒண்ணே ஒண்ணுதான். கையக் குடுங்க."

அவர் கையை இழுத்துச் செல்வியின் மணிக்கட்டில் வைத்தேன். நாடி நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் விரலை அவருடைய மணிக்கட்டிலேயே வைத்துக் காட்டினேன். இரண்டு முறை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் படிப்பில்லை, ஆனால் வித்தியாசம் தெரியப் படிப்பு எதற்கு?

"ஏறுடா," என்றார் மகனிடம். "மெதுவா ஓட்டினது போதும்."

வண்டி கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கிழக்கே, முந்திரி மரங்களுக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிச்சம் பளிச்சென்று முளைத்தது! "அதோ! அதோ பாருங்க!" என்று நான் கத்திய கத்தலில் கலியபெருமாள் ரோட்டை விட்டு இறக்கப் பார்த்தான். வெளிச்சம் மெல்லத் தடித்தது. வானம் இருட்ட இருட்ட, அதற்கு மேலே மிச்ச நிலாவும் வட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. மங்கலாக, அடுப்புக் கங்குபோல. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கங்கு பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியுமா? நிலா அங்கேயேதான் இருந்திருக்கிறது, வானத்து வெளுப்பில் எங்களுக்குத்தான் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மடியில் செல்வி அசைந்தாள். போர்வை இடுக்கு வழியாக அவளும் பார்த்துவிட்டாள்.

"ரத்தம் மாதிரியே இருக்கு நர்சம்மா," என்றாள். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "எனக்குப் போவுறது அதுக்கும் தெரிஞ்சிருச்சா? நான் பொழக்க மாட்டேனா?"

மாமியாருக்கும் அதே எண்ணம்தான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் தலையைத் திருப்பினேன், எதற்கென்று எனக்கே தெரியாது. பின்னால், கலியபெருமாளின் தோளுக்கு மேலே, மேற்கு வானம் முழுக்க அந்திச் சிவப்பு. இந்தப் பக்கம் பார்க்கிறேன், அதே நிறத்தில் நிலா. அந்தப் பக்கம் சூரியன், இந்தப் பக்கம் நிலா, நடுவில் எங்கள் ட்ரெய்லர்! நான்கு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது அந்த ஒரு நொடியில் அப்படியே தலைக்குள் இறங்கியது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"அது ரத்தம் இல்லடி, அந்திவெளிச்சம்!" என்றேன். "அம்மா, திரும்பி மேக்க பாருங்க. அந்தச் செவப்புதான் இது. நாம நிக்கிற பூமியோட நெழல் நெலா மேல விழுது. முழுக்க இருட்டாத்தான் விழணும். ஆனா பூமியச் சுத்திக் காத்து இருக்குல்ல? சூரிய வெளிச்சம் அந்தக் காத்துக்குள்ள பூந்து வளைஞ்சு வருது. வர்ற வழியில மத்த நெறமெல்லாம் செதறிப் போயி, செவப்பு மட்டும் போய்ச் சேருது. இப்ப உலகத்துல எங்கெங்க பொழுது சாயுதோ, எங்கெங்க விடியுதோ, அத்தனை எடத்துச் செவப்பும் சேந்துதான்டி அங்க விழுது. நம்ம ஜெயங்கொண்டத்து அந்தியும் அதுல இருக்கு."

மாமியார் மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார், மறுபடி மேற்கே பார்த்தார். "அதே நெறந்தான்," என்றார். குனிந்து மருமகளின் காதில் திரும்பவும் சொன்னார். "அதே நெறந்தான்டி ஆயி. பயப்படாத. தூங்கிடாம பாத்துக்கிட்டே வா." பிறகு, யாரும் சொல்லாமலே, போர்வையை அவள் முகத்திலிருந்து கழுத்துவரை இறக்கிவிட்டார்.

வழியெல்லாம் செல்வி கண்ணை மூடாமல் அந்த நிலாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது, சிவப்பு எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மயங்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு அன்று கிடைத்த மருந்து அது ஒன்றுதான்.

ஏழு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசல். டாக்டரம்மா செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது. இந்தக் கதவுக்கு வெளியே நான் தனியாக நிற்கவில்லை, மாமியார் என் கையைப் பிடித்திருந்தார். கலியபெருமாள் சுவரோரம் குந்தியிருந்தான்.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நான் அனிச்சையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே முக்கால். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்த ஸ்டாஃப் நர்ஸ் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்தாள். "பொண்ணு. தாயி பொழச்சிக்கிட்டா. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்," என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். கலியபெருமாள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான்.

மாமியார் குழந்தையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். "எத்தன மணிக்கு நர்சம்மா பொறந்துச்சு? கெரகணம் வுட்டுருச்சா?"

எட்டு மணி என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. அந்த ஒரு பொய்யில் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லிப் பட்டது போதும்.

"ஏழே முக்கால்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சு வுடறதுக்கு."

அவர் முகம் வெளுத்தது. குழந்தையின் வாயை மறைத்திருந்த துணியை மெல்ல விலக்கினார். டக்கென்று என் தலையும் அவர் தலையும் முட்டிக்கொண்டன. நானும் குனிந்திருக்கிறேன்! எனக்கே தெரியாமல், அவரைவிட வேகமாகக் குனிந்திருக்கிறேன். குழந்தையின் நிறம் சரியா, மூச்சு சரியா என்று பார்க்க வேண்டிய நான், முதலில் பார்த்தது அந்த மேலுதட்டை. சின்னதாக, முழுசாக, கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தது.

மாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"அது வெறும் நெழல்தான்னு அவ்ளோ தூரம் சொன்னீங்களே நர்சம்மா," என்றார். "நீங்க எதுக்கு எட்டிப் பாத்தீங்க?"